தனி அலுவலர் ஆட்சி (சென்னை மாநகராட்சி)

தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாத காலத்தில், அதன் அதிகாரங்களை மாநில அரசு நியமிக்கும் அதிகாரியிடம் ஒப்படைக்கும் நிருவாக ஏற்பாடு. சென்னையில் 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டபின் தேர்தல் 1996இல்தான் நடந்தது, மு. க. ஸ்டாலின் மேயரானார். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசமைப்புத் திருத்தம், ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்தக் கட்டளையிடுகிறது. ஆயினும் 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்ததையடுத்து, மாநகராட்சி ஆணையரே தனி அலுவலரானார். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு உட்பட 200 வார்டுகளும் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலரின்றி இருந்தன. வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் நிருவாகத்தின் தலைவரே அதற்கு ஒப்புதலும் தருவது இம்முறையின் பெருங்குறை. 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடந்தது; மார்ச் 4இல் ஆர். பிரியா மேயராகப் பொறுப்பேற்றார்.