வண்டலூர்க் கார்

முசரவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மோட்டார்க் காட்சிசாலைகளுக்குப் பிரயாணத் திட்டம் போடுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் பக்கத்துக்கு வருகிறவர்கள் காஞ்சிபுரத்துப் பட்டுக்காக வருவார்கள்; இல்லாவிட்டால் வரதராஜரையும் காமாட்சியையும் தரிசிக்க வருவார்கள். கார் பார்க்க என்று யாரும் வந்ததில்லை. நாங்களும் அதற்காக எங்கும் போக வேண்டியதில்லை. பெங்களூர் ரஸ்தாவின் ஓரத்தில் போய் நின்றால் போதும். இருங்காட்டுக்கோட்டையில் செய்த புதுக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு நீள நீளமான லாரிகள் போய்க்கொண்டே இருக்கும்.

"புதுசு இவ்வளவு வாசலிலேயே போகும்போது, பழசைப் பார்க்கக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டுமா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் காரணம் நான் இல்லை, என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பத்து நாலு வயது. வாலிபத்தில் அவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருந்தது. 1967ல் இரண்டாம் கையாக வாங்கினார். நெசவாளர்களிடம் சேலைகளை வாங்கி அதில் அடுக்கிக்கொண்டு மதராஸ் கடைகளுக்குப் போய்வருவார்.

அந்தக் காலத்தைச் சொன்னால் இன்று கார் வாங்குகிறவர்கள் நம்ப மாட்டார்கள். 1960களில் நம் தேசத்தில் கார் என்றால் பெரும்பாலும் மூன்றே ஜாதி: கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாஸடர், பம்பாயில் செய்த பியட், நம்முடைய வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். பெண்ணுக்கு வரன் தேடுவது அதைவிடச் சுலபம். வண்டலூர் அன்றைக்கு எங்கள் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஆகையால், "இது நம்ம ஜில்லாக் கார்" என்று சித்தப்பாவுக்கு ஒரு பெருமை.

பெருமைப்பட விஷயமும் இருந்தது. 1959ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் பிறந்த வண்டி அது. உருவத்தை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 1961ல் வண்டலூரில் அதைச் செய்ய ஆரம்பித்தார்கள். மற்றக் கார்களில் மூடியைத் தூக்கி எஞ்சினை எட்டிப் பார்க்க வேண்டும். ஹெரால்டில் மூடி, மட்காடு, விளக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்புறமாகக் கவிழ்ந்துவிடும். எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் நிற்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் மற்றக் கார்கள் முன்னும் பின்னும் நகர்ந்து திண்டாடும்போது சித்தப்பா ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வருவதைச் சிறுவனாக நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன்.

குறையும் உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும்படி அமைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ரோட்டுக்கு அது சரி, நம்முடைய பள்ளங்களுக்குத் தாங்கவில்லை. 1972ல் கெஸல் என்று அடுத்த வண்டி வந்தபோது, அந்த அமைப்பை மாற்றி ஒரே தண்டாக அச்சைப் போட்டார்கள். 1985ல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய கார் வெளிவந்தது. அது எடுபடவில்லை. 1988ல் வண்டலூரில் கார் செய்வதே நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு சாமான் கிடைப்பது அரிதாகிவிட்டது. சித்தப்பாவின் வண்டி கொட்டகையில் தூசி படிந்து நின்றது. 1991ல் அவர் கண் ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு வாரத்தில், கொட்டகையில் இரண்டு தறி போடலாம் என்று நான் அந்தக் காரைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டேன். கண் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தவர் கொட்டகையைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். "நூல் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

காஞ்சிபுரத்துத் தேரடியைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். வெள்ளைக்காரர்கள் தேரைக் 'கார்' என்றுதான் எழுதிவைத்தார்கள். உற்சவத்தில் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் அது சும்மா நிற்கிறது. இடத்தை அடைக்கிறதே என்று யாரும் அதை எடைக்குப் போடுவதில்லை.

போன மாசம் சித்தப்பா திடீரென்று கேட்டார்: "ஏண்டா, பழைய காரையெல்லாம் எங்கேயோ வைத்துக் காப்பாற்றுகிறார்களாமே, அங்கே நம்ம வண்டி மாதிரி ஒன்று இருக்குமா?"

அன்றைக்கே படத்தை விரித்துவிட்டேன்.

முதல் நாள் மதராஸ். மோட்டார் சரித்திரத்தில் அந்தப் பட்டணம் லேசானதல்ல. 1840ல் குதிரை வண்டி கட்ட ஏற்பட்ட சிம்ஸன் கம்பெனியில் 1903ல் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்தார். ஹைக்கோர்ட்டைக் கட்டிய நம்பெருமாள் செட்டியார்தான் அங்கே கார் வைத்துக்கொண்ட முதல் இந்தியர் என்பார்கள். வடபழனி ஏ.வி.எம். ஸ்டூடியோவில் 2023ல் திறந்த காட்சிசாலையில் சினிமாச் சாமான்களோடு பழைய கார்களையும் நிறுத்தியிருக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம்.

மறுநாள் வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியாகக் கோயம்புத்தூர். சுமார் 460 கிலோமீட்டர். அவினாசி ரோட்டில் 2015ல் ஏற்பட்ட ஜீ.டி. கார் காட்சிசாலை இருக்கிறது. ஜி.டி. நாயுடுவின் பெயரால் நடக்கும் தர்ம ஸ்தாபனத்தைச் சேர்ந்தது. நாயுடு காரில் ஆரம்பித்தவரல்ல. 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ்ஸை விட்டு ஆரம்பித்தவர். அந்த ஒரு பஸ்தான் பின்னால் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆயிற்று. 1937ல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து மின்சார மோட்டாரை இங்கேயே உற்பத்தி செய்து காட்டினார். அதே மனிதர் 1950களில் சர்க்காரின் வரிக் கொள்கை மேல் கோபம் கொண்டு தாம் செய்த கருவிகளைத் தாமே ஜனங்கள் முன்னால் உடைத்தார். அவருக்குக் கோபமாவது இருந்தது. எனக்கு அதுகூட இல்லை, இடம்தான் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலை ஏறி மைசூர். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். இரவில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, பகலில்தான் ஏற வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் தர்மஸ்தலத்து ஹெக்டே அவர்கள் சேர்த்த கார்கள் 'பயணா' என்ற காட்சிசாலையில் இருக்கின்றன. அங்கிருந்து பெங்களூர், ஹோசூர், பிறகு நம் ரஸ்தா.

இந்த மூன்று இடத்திலும் ராஜாக்களின் கார் நிற்கும், நட்சத்திரங்களின் கார் நிற்கும். சேலை மூட்டை ஏற்றிய கார் நிற்குமா? டெலிபோன் செய்து கேட்டுவிடலாம் என்றான் என் பிள்ளை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று பதில் வந்துவிட்டால் சித்தப்பா கிளம்ப மாட்டார்.

புதன்கிழமை விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பாடு. வழிக்கு மிளகு இட்லி. நேற்று சித்தப்பாவிடம், "கயிறு கட்டியிருப்பார்கள் சித்தப்பா, நீங்கள் தொடக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

"நான் எதற்குடா தொடுகிறேன்?" என்றார். "மூடியை மட்டும் ஒரு தடவை கவிழ்த்துக் காட்டச் சொல்லு."