கிரெப்

கிரெப் என்பது கோப்புகளில் உள்ள உரையைத் தேடப் பயன்படும் கட்டளைவரிக் கருவி ஆகும். ஒரு சொல்லைக் கொடுத்தால், அச்சொல் இடம்பெறும் வரிகளை மட்டும் இது திரையில் காட்டும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் இதனை உருவாக்கினார். 1973 நவம்பரில் வெளியான யுனிக்சு நான்காம் பதிப்பில் இது இடம்பெற்றது. லினக்சு, மாக் ஆகிய இயங்குதளங்களிலும் இது கிடைக்கிறது.

பெயர்க்காரணம்

யுனிக்சின் பழைய உரைத்தொகுப்பியான 'எட்' இல் 'ஜி/ஆர்இ/பி' என்றொரு கட்டளை உண்டு. 'கோப்பு முழுவதும் இச்சுருங்குறித்தொடரைத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடு' என்பது இதன் பொருள். அவ்வெழுத்துகளின் சேர்க்கையே கிரெப் என்றானது. சுருங்குறித்தொடர் என்பது ஒரு சொல்லின் வடிவத்தைக் குறிகளால் உணர்த்தும் முறை ஆகும். எடுத்துக்காட்டாக, புள்ளி ஏதேனும் ஓர் எழுத்தைக் குறிக்கும்.

வரலாறு

லீ மெக்மகன் என்பவர் 'பெடரலிசுட்டு' கட்டுரைகள் 85-ஐயும் கணினியில் ஆராய முற்பட்டபோது, அவ்வளவு பெரிய உரையை எட் தொகுப்பியால் கையாள இயலவில்லை என்று பிரையன் கெர்னிகன் நினைவுகூர்ந்துள்ளார். தேடும் பகுதியை மட்டும் தொகுப்பியிலிருந்து பிரித்தெடுத்ததே தீர்வாயிற்று. கிரெப் வரிவரியாகப் படித்துச் செல்வதால் கோப்பின் அளவு அதற்குத் தடையாவதில்லை.

இக்கருவி ஓர் இரவில் எழுதப்பட்டது என்றொரு கதை உண்டு. டக் மெக்கில்ராய் இத்தகைய கருவியைக் கேட்டார் என்பதும், மறுநாளே அது கிடைத்தது என்பதும் உண்மையே. ஆனால், தமது சொந்தப் பயன்பாட்டிற்கென ஏற்கனவே எழுதி வைத்திருந்த நிரலையே பிழைநீக்கிக் கொடுத்ததாகத் தாம்சன் பின்னர் கூறினார்.

பின்னர் ஆல்பிரட் ஏகோ 'ஈகிரெப்', 'எப்கிரெப்' என்னும் வகைகளை எழுதினார். 2016 இல் ரசுட்டு மொழியில் எழுதப்பட்ட 'ரிப்கிரெப்' வெளிவந்தது.

தமிழ் உரையில் தேடல்

கிரெப் எழுத்துகளை அறியும், சொற்களை அறியாது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்', 'மரங்கள்' ஆகியவை கிட்டா. 'மர' என்று சுருக்கினால் அவற்றுடன் 'மரபு', 'மருந்து', 'தாமரை' ஆகியனவும் வந்து சேரும். ஒருங்குறியில் 'ரு' என்பது ரகரமும் உகரக் குறியும் அடுத்தடுத்து வரும் இரு குறிகளாகச் சேமிக்கப்படுவதே இதற்குக் காரணம். 'ரை' என்பதும் அவ்வாறே. இதனால் 'ம.தன்' என்னும் தொடர் 'மனிதன்' என்பதற்குப் பொருந்தாது, 'ம..தன்' என இரு புள்ளிகள் இடவேண்டும்.

ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எகர, ஆகாரக் குறிகளின் இணைப்பாகவும் சேமிக்க இயலும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கிரெப் இவற்றை வெவ்வேறாகவே கருதுவதால், கண்ணெதிரே உள்ள 'கொடி' என்னும் சொல்லும் தேடலில் அகப்படாமல் போகலாம். தேடுமுன் கோப்பில் உள்ள குறிகளை ஒரே வடிவிற்கு மாற்றிக்கொண்டால் இச்சிக்கல் எழாது.