பக்கத்து இருக்கைக்காரரின் ஹக்கு

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 36ஆம் வசனம், நாம் நன்மை செய்யக் கடமைப்பட்டவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், உறவுக்கார அண்டை வீட்டார், உறவல்லாத அண்டை வீட்டார் என்று நீளும் அந்த வரிசையில் 'அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்' என்று ஒருவரும் இடம்பெறுகிறார். 'விலாப்பக்கத்தில் இருக்கும் தோழர்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். அவர் யார் என்பதில் விரிவுரையாளர்களிடையே பல கருத்துகள் உண்டு. வாழ்க்கைத் துணை என்றனர் சிலர். இப்னு அப்பாஸ் (ரலி), முஜாஹித் (ரஹ்), கதாதா (ரஹ்) முதலியோரிடமிருந்து வந்துள்ள விளக்கமோ, அவர் பயணத் தோழர் என்கிறது.

காலை எட்டரை மணி நகரப் பேருந்தில் நம் விலாவில் முழங்கையைப் பதித்து நிற்பவரும் இந்த விளக்கத்தின்படி நம்மீது ஹக்கு உடையவராகிறார். அவர் அரைமணி நேர அண்டை வீட்டார். அவருடைய சாப்பாட்டுப் பை நம் முதுகில் இடிக்கிறது. அவருடைய தொலைபேசிப் பேச்சு முழுவதும் நமக்கும் கேட்கிறது. அவர் தூங்கிவிட்டாலோ, நம் தோள் அவருக்குத் தலையணையாகிவிடுகிறது. இத்தனைக்கும் நடுவே அவருக்கு என்ன நன்மை செய்வது என்று நமக்குத் தோன்றுவது அரிது.

பொதுப் போக்குவரத்தின் வரலாற்றைக் குதிரை, நீராவி, மின்சாரம் என்று வாகனத்தின் வளர்ச்சியாகச் சொல்வது வழக்கம். அதற்குள்ளேயே இன்னொரு வரலாறும் ஓடுகிறது. யார் பக்கத்தில் யார் அமரலாம் என்பதே அதன் கேள்வி. அந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

ஓர் ஒட்டகம், மூன்று பேர்

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ரை நோக்கிப் புறப்பட்ட முஸ்லிம்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். அவர்களிடம் இருந்த ஒட்டகங்கள் சுமார் 70. ஆகவே ஓர் ஒட்டகத்தைச் சிலர் பகிர்ந்துகொண்டு, முறை வைத்து ஏறினர். முறை இல்லாதவர் நடந்தார். நபி (ஸல்) அவர்களின் பங்காளிகளாக அலீ (ரலி), அபூலுபாபா (ரலி) ஆகிய இருவரும் அமைந்தனர். நபியவர்கள் நடக்கவேண்டிய முறை வந்தபோது, தாங்களே நடப்பதாகவும் அவர்கள் ஏறியே வரலாம் என்றும் அவ்விருவரும் வேண்டினர். தம்மைவிட அவர்கள் வலிமை மிக்கவர்கள் அல்லர் என்றும், நற்கூலியின் தேவை தமக்கும் அவர்களைப் போன்றே உண்டு என்றும் கூறி நபியவர்கள் இறங்கி நடந்தார்கள். இச்செய்தி முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. தலைவருக்குத் தனி வாகனம் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமில்லை.

ஞானியின் வண்டியும் அக்காவின் ஏமாற்றமும்

கட்டணம் செலுத்தினால் எவரும் ஏறலாம், குறித்த வழியில் குறித்த நேரத்தில் ஓடும் என்ற நகர வண்டி ஐரோப்பாவில் முதன்முதலாகத் தோன்றியது 1662 மார்ச் மாதத்தில், பாரிஸ் நகரத்தில். அதற்கு வித்திட்டவர் கணித மேதை பிளேஸ் பாஸ்கல். கட்டணம் ஐந்து ஸோல் காசுகள். வண்டிக்கு எட்டு இருக்கைகள். ஆள் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட்டாக வேண்டும் என்பது விதி. 'இன்னும் ரெண்டு பேர் வரட்டும்' என்று நம்மை உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் ஷேர் ஆட்டோக்காரருக்கு இவ்விதி எட்டவேயில்லை.

வண்டிகள் ஓடத் தொடங்கிய சில நாட்களில் பாஸ்கலின் மூத்த சகோதரி ஜில்பெர்த் பெரியே எழுதிய கடிதம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. தம்பி தொடங்கிய வண்டியில் வீடு திரும்ப ஆசைப்பட்டு அந்த அம்மையார் தெருவில் காத்து நின்றிருக்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வண்டிகள் அவரைக் கடந்து சென்றன. ஐந்திலும் இடமில்லை. உலகின் முதல் நகர வண்டி தொடங்கிய வாரத்திலேயே, அதைத் தொடங்கியவரின் சொந்த அக்காவுக்கே இடம் கிடைக்கவில்லை! நிறுத்தத்தில் நின்று மணிக்கட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடும் நமக்கு 360 ஆண்டுப் பாரம்பரியம் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம்.

அதே வண்டியின் மற்றொரு விதி சிரிக்கத்தக்கதன்று. படைவீரர்கள், ஏவலாளர்கள், கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் அதில் ஏறக்கூடாது என்று பாரிஸின் உயர்மன்றம் தடை விதித்தது. கண்ணியவான்களின் வசதிக்காக இந்தத் தடை என்றார்கள். கால் கடுக்க நடப்பவனுக்கே வண்டி மிகுதியாகத் தேவை, அவனைத்தான் இறக்கிவிட்டார்கள். பின்னர் கட்டணமும் உயர்ந்தது, கூட்டம் குறைந்தது. 1677 அளவில் அவ்வண்டிகள் நின்றுபோயின. அதன் பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அந்த யோசனை உறங்கிக் கிடந்தது.

'எல்லோருக்கும்' என்ற சொல்லின் வால்

1826இல் பிரான்சின் நாந்த் நகரில், ஊருக்கு வெளியே வெந்நீர்க் குளியல் நிலையம் நடத்திய ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் தம் வாடிக்கையாளர்களுக்காக ஒரு வண்டி விட்டார. வண்டி நிறைந்தது, குளியல் நிலையம் நிறையவில்லை. ஏறியவர்களில் பலர் குளிக்க வரவில்லை, வழியில் தத்தம் வேலைக்கு இறங்கிக்கொண்டனர் என்பதை அவர் கண்டார். குளியலைவிடப் பயணமே மக்களின் தேவை என்று புரிந்துகொண்டு வண்டித் தொழிலையே விரிவாக்கினார். அவ்வண்டிக்கு அமைந்த பெயர் 'ஓம்னிபஸ்'. இலத்தீனில் அதன் பொருள் 'எல்லோருக்கும்' என்பது. நாம் அன்றாடம் சொல்லும் 'பஸ்' அச்சொல்லின் வால் மட்டுமே. தலையை வெட்டிவிட்டு வேற்றுமை உருபை மட்டும் வைத்துக்கொண்டோம். ஆயினும் 'எல்லோருக்கும்' என்ற பொருள் அதனுள் ஒளிந்தே இருக்கிறது.

1829 ஜூலையில் ஜார்ஜ் ஷிலிபியர் என்பவர் மூன்று குதிரைகள் இழுக்கும் ஓம்னிபஸ்ஸை இலண்டனில் ஓட்டினார். அறிமுகமற்றவர்கள் முழங்காலோடு முழங்கால் மோத அமர்வது அந்நகரத்தாருக்குப் புதிது. சச்சரவுகள் பெருகின. 1836 ஜனவரியில் டைம்ஸ் நாளிதழ் ஓம்னிபஸ் பயணிகளுக்கான ஒழுங்குகள் என்று ஒரு பட்டியலையே வெளியிட்டது. அதன் சாரத்தைக் கேட்டால் நம் நகரப் பேருந்தைப் பார்த்து எழுதியதோ என்று ஐயம் எழும்.

இருக்கையின்மீது கால் வைக்காதீர். கால்களை அகற்றி அமர்ந்து இருவர் இடத்தை ஒருவரே பிடிக்காதீர். இறங்கும் முன் காசைத் தயாராக வைத்திருங்கள். உங்கள் நேரத்துக்கு மதிப்பில்லாவிட்டாலும் பிறர் நேரத்துக்கு உண்டு. நடத்துநர் வங்கியாளர் அல்லர், அவரிடம் சில்லறை தேடாதீர். பெரிய மூட்டைகளை ஏற்றாதீர். எச்சில் துப்பாதீர். நீங்கள் மூலையில் பதுங்கிக்கொண்டு, அடுத்தவர் கழுத்தில் குளிர்காற்று அடிக்கும்படி சன்னலைத் திறந்துவிடாதீர். அரசியலும் மதமும் பேசினால் நிதானமாகப் பேசுங்கள். பெண்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். இவையே அந்தப் பட்டியலின் செய்திகள்.

குதிரை போய் எஞ்சின் வந்தது. சில்லறைச் சண்டை மட்டும் மாறவேயில்லை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுபவரை நடத்துநர் பார்க்கும் பார்வைக்கு இரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

சென்னையிலும் இதே கதை தொடர்ந்தது. 1895இல் மின்சார ட்ராம் வந்தது. 1953இல் அது நின்றுபோனது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1947இல் அரசே நகரப் பேருந்துகளை இயக்க முன்வந்தது. 1972இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது. மருத்துவமனைக்கோ மகள் வீட்டுக்கோ செல்ல எவரிடமும் காசு கேட்கத் தேவையற்ற நிலை எத்தனையோ தாய்மார்களுக்கு அதனால் வாய்த்தது. 'எல்லோருக்கும்' என்ற சொல் மெல்ல மெல்லத் தன் பொருளை அடைகிறது.

மறுக்கப்பட்ட இருக்கைகள்

அப்பொருளை அடைய மனிதர்கள் கொடுத்த விலை சிறிதன்று. நம் தமிழகத்திலேயே, தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பேருந்து முதலாளிகள் இருந்தனர். காசு கையில் இருந்தும் வண்டி அவர்களுக்கு இல்லை. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்தாகும் என்று ஆணையிட்டார். 1662இல் பாரிஸ் மன்றம் செய்ததற்கு நேர் எதிரான ஆணை அது. அங்கு கண்ணியவானின் வசதிக்காகத் தொழிலாளி இறக்கப்பட்டார். இங்கு தொழிலாளியை இறக்குபவரின் வண்டியே நிறுத்தப்படும் என்றானது.

1955 டிசம்பர் 1ஆம் நாள் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், வேலை முடிந்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி, வெள்ளையர் ஒருவருக்காக எழுந்திருக்க மறுத்தார். கைது செய்யப்பட்டார். அந்நகரப் பேருந்துகளில் சென்றவர்களில் பெரும்பான்மையோர் கறுப்பின மக்களே. அவர்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தும், கார்களைப் பகிர்ந்தும் வேலைக்குச் சென்றனர். வெற்றுப் பேருந்துகள் ஓடின. 1956 டிசம்பரில் இருக்கைப் பாகுபாடு ஒழிந்தது.

நெரிசலில் நாம் அலுத்துக்கொள்ளும் அதே இருக்கை ஒரு காலத்தில் சிலருக்குக் கிட்டாத உரிமையாக இருந்தது என்பதை இந்த வரலாறு நினைவூட்டுகிறது.

துண்டும் தொழுகை விரிப்பும்

நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் ஒரு தனிக்கலை உண்டு. வண்டி நிற்கும் முன்னரே சன்னல் வழியாகத் துண்டையோ பையையோ இருக்கையில் எறிந்துவிட்டு, பின்னர் சாவகாசமாகப் படியேறி வந்து 'இது நம்ம இடம்' என்று உரிமை கோருவது. முதலில் ஏறியவர் நிற்க, முதலில் எறிந்தவர் அமர்கிறார். பள்ளிவாசலின் முதல் வரிசையில் விரிப்பை விரித்துவிட்டு வெளியே சென்று, தாமதமாக வந்து அமர்வதை மார்க்க அறிஞர்கள் கண்டித்துள்ளனர். இடத்துக்கு முந்தவேண்டியவர் மனிதர், விரிப்பு அன்று என்பது அவர்கள் வாதம். துண்டுக்கும் இதைப் பொருத்திப் பார்ப்பதில் பிழையில்லை.

ஒருவரை அவர் அமர்ந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டு அங்கு தாம் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அதற்கு மாறாக நகர்ந்து இடமளிக்கும்படி ஏவினார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மஜ்லிஸில் இடமளிப்போருக்கு அல்லாஹ் விசாலத்தை வாக்களிப்பதை அல்முஜாதலா அத்தியாயத்தில் ஓதுகிறோம். 'கொஞ்சம் தள்ளி உட்காருங்க பாய்' என்று ஒருவர் கேட்கும்போது, சன்னலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொள்ளும் நாம் அந்த ஓதலை எங்கே வைத்துவிட்டோம்?

இன்னும் ஒன்றையும் நாம் மனம் திறந்து எண்ணிப்பார்க்க வேண்டும். தொப்பியோ பர்தாவோ அணிந்தவரின் பக்கத்து இருக்கை கடைசியாக நிரம்புவதை நம்மில் சிலர் கண்டிருக்கலாம். அந்த வெற்றிடம் எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். அதே வேளையில், துப்புரவுப் பணி முடித்து வரும் ஒருவர் பக்கத்தில் இடமிருந்தும் நாம் நின்றுகொண்டே வந்தால், மீன்கூடை அம்மாவைக் கண்டு முகம் சுளித்து நகர்ந்தால், பாரிஸ் மன்றத்தின் தடையை நம் மனத்துக்குள் நாமே எழுதிக்கொள்கிறோம். சட்டம் இருக்கையைத் திறந்துவிட்டது. மனத்தைத் திறப்பது நம் வேலை.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். ஆகவே நெரிசலில் களைப்பும் அலுப்பும் வருவது இயல்பே. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த வேதனையை அடுத்தவருக்கும் கூட்டிவிடாமல் இருப்பதே நம் பொறுப்பு. நம் பிள்ளைகளுக்கு வாகன துஆவைக் கற்பிக்கிறோம். அதனுடன் சில்லறை எடுத்து வைத்தல், தோள்பையைக் கழற்றி மடியில் வைத்தல், முதியவரைக் கண்டதும் எழுதல், தொலைபேசியில் குரலைத் தாழ்த்துதல் ஆகியவற்றையும் கற்பிப்போம். ஏறும்போது ஓதும் துஆ நம் நாவில் இருக்கட்டும்; இறங்கும் வரை காக்கும் அதபு நம் கைகால்களில் இருக்கட்டும்.

அரைமணி நேர அண்டை வீட்டாரின் ஹக்கையும் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.