பழைய வாளுக்கு என்ன விலை?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலை ஞானசம்பந்தர் பாடிய தலமாகவே பலரும் அறிவார்கள். அந்த ஊர் அமைந்திருக்கும் தொண்டை மண்டலத்துக்குப் போர்களின் வரலாறும் உண்டு. பல்லவன் மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை ஹைதர் அலியிடமும் திப்புவிடமும் சரணடைந்தது. இத்தகைய நாட்டில், ஒரு வீட்டுப் பரணிலிருந்து பழைய வாள் ஒன்று கிடைத்தால் வியப்பதற்கில்லை. அதை வாங்கலாமா, செப்பனிடலாமா என்பதைச் சந்தை பளபளப்பை வைத்தே முடிவு செய்கிறது. அது தவறான அளவுகோல். ஒரு வாள் தன் பிறப்பையும் வாழ்வையும் பற்றி இன்னும் எவ்வளவு சொல்லும் என்பதே அதன் மதிப்பு. அதைச் சொல்லவிடாமல் செய்யும் எந்தச் செப்பனிடலும் நட்டம்தான்.

இதற்கான சான்று தஞ்சாவூரில் இருக்கிறது. 1855-இல் மராட்டிய மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் தஞ்சை அரசு கம்பெனி ஆட்சியில் சேர்க்கப்பட்டது. அரண்மனை ஆயுதசாலையில் வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் துருவேறிக் குவிந்து கிடந்தன. 1860-களில் அவற்றில் சிறந்தவை எனத் தோன்றியவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கி எடுத்தார்கள். எஞ்சியவற்றில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் இதை எழுதி வைத்தார். அந்த ஆயுதங்களில் பலவற்றுக்கு ஐரோப்பிய அலகும் தமிழ்நாட்டுக் கைப்பிடியும் இருந்தன. கடல் வணிகம், மராட்டியர் ஆட்சி, உள்ளூர்க் கொல்லரின் கைத்திறன் என மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தன. துருவை மட்டும் பார்த்த கண்ணுக்கு அவை எடைக்கு விற்கும் இரும்பாகத் தெரிந்தன.

ஜப்பானில் இதே கேள்வி 1945-க்குப் பின் எழுந்தது. வென்ற படைகள் வாள்களைப் பறிமுதல் செய்தபோது, கலைப்பொருளாகும் வாள் எது, வெறும் போர்க்கருவி எது என்று அறிஞர்கள் பிரித்துக் காட்டியதால் பல வாள்கள் தப்பின. 1948-இல் அதற்கென ஒரு சங்கமே தோன்றியது. அங்கே வாளை மதிப்பிடுபவர் கைப்பிடியைக் கழற்றி, அதனுள் மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் பார்க்கிறார். கொல்லரின் பெயர் வெட்டப்பட்டிருக்கும் இடம் அது. அதன் கருந்துரு வாளின் வயதுக்குச் சாட்சி என்பதால் அதைத் தேய்ப்பதே இல்லை. அலகைச் சாணை பிடிக்கும் ஒவ்வொரு முறையும் மேல் எஃகு சிறிது குறைகிறது. பலமுறை தீட்டிய வாளில் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு வெளியே தெரியத் தொடங்கும். தீயில் வெந்த வாள், விளிம்பின் கடினத்தையும் அங்குள்ள அலைக்கோட்டையும் இழந்துவிடும். நம் ஊட்ஸ் எஃகுக்கும் இந்த விதி பொருந்தும். மூசையில் உருக்கிய அந்த எஃகில் கரி மிகுதி. அது நுண்ணிய வரிகளாகப் படிந்து அலகில் நீரோட்டம் போன்ற கோலத்தை உண்டாக்குகிறது. சாணை மறைத்த கோலத்தை மீண்டும் வெளிக்கொணர முடியும். வளைந்த அலகை நிமிர்த்துவதாகச் சொல்லி உலையில் நன்கு பழுக்கக் காய்ச்சினால், போன கோலம் போனதுதான்.

துருவைத் தொடாமல் விட்டால் வாளே மிஞ்சாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. துரு மேலும் பரவாமல் தடுப்பது பராமரிப்பு. புதியதுபோல் காட்டச் சுரண்டுவது வேறு வேலை. முன்னதற்குச் சென்னை அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் ஆய்வகம் அமைந்தது. பரமசிவன் என்ற தமிழர் அதை வளர்த்தார். சேகரிப்பவர்கள் பணம் கொடுத்து வாங்கியதால்தானே பல ஆயுதங்கள் உருக்கும் உலைக்குப் போகாமல் தப்பின என்பது அடுத்த மறுப்பு. அதுவும் உண்மை. தஞ்சைக் கட்டாரிகள் சில இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருப்பது, 1935-இல் ஸ்டோன் என்ற சேகரிப்பாளர் தன் ஆயுதங்களை அதற்கு எழுதி வைத்ததால்தான். ஆனால் கைமாறும்போது எந்த ஊர், யார் வீடு, எந்தக் குடும்பம் என்ற குறிப்பு அறுந்துபோனால், பொருள் பிழைத்தும் அதன் வரலாறு பாதிதான் மிஞ்சும்.

ஆகவே வாங்க நினைப்பவர் முதலில் அந்த வாள் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருளுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். உரிமம் இல்லாமல் அதை வணிகம் செய்ய முடியாது. தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. மண்ணில் புதைந்து கிடைத்ததை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. வந்த வழி தெரியாமல், உலையில் வெந்து, தேய்ந்து மெலிந்த வாள் எவ்வளவு மின்னினாலும் வாங்கத் தக்கதல்ல. ஊரும் குடும்பமும் தெரிந்து, அலகும் கைப்பிடியும் சேர்ந்தே இருக்கும் வாள் துருப்பிடித்திருந்தாலும் காக்கத் தக்கது. அதற்குச் செலவிடும் முதல் பணம், படம் எடுத்து, அளந்து, வந்த வழியை எழுதி வைப்பதற்காக இருக்கட்டும். தஞ்சையில் உடைத்து விற்ற ஆயுதங்களுக்கு அந்த ஒரு பதிவாவது இருந்திருந்தால், இழந்தது எவை என்றாவது இன்று நமக்குத் தெரிந்திருக்கும்.