ஒரே வீடு, இரண்டு ரவுட்டர்: கீழே இருக்கும் ஹார்டு டிஸ்க் மாடியில் தெரியாதது ஏன்?

கல்யாண வீடியோ, குழந்தையின் பள்ளி ஆண்டு விழா, பத்து வருஷத்துப் போட்டோ என எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, யுஎஸ்பி வசதியுள்ள ரவுட்டரில் செருகிவிட்டால், வீட்டில் உள்ள டிவி, லேப்டாப், செல்போன் எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்ளலாம். நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியும் இதே வேலையைத்தான் இன்னும் வசதியாகச் செய்கிறது.

ஆனால், 'மாடியில வைஃபை எடுக்கவே மாட்டேங்குது' என்று இரண்டாவதாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டிய பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மாடியில் யூடியூப் தடையில்லாமல் ஓடும். ஹார்டு டிஸ்க் மட்டும் கண்ணிலேயே படாது. டிஸ்க் கெட்டுப்போச்சு என்று நினைத்து அவசரப்பட்டு ஃபார்மட் செய்தால், போட்டோக்கள் நிஜமாகவே போய்விடும். பெரும்பாலும் டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இருக்காது. கேபிளை எந்த ஓட்டையில் செருகினோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

என்ன நடக்கிறது?

ரவுட்டரின் பின்பக்கம் இரண்டு வகை போர்ட்டுகள் இருக்கும். தனி நிறத்தில் ஒன்று இருக்குமே, அது 'வேன்' போர்ட். இன்டர்நெட் உள்ளே வரும் வாசல். மற்றவை 'லேன்' போர்ட்டுகள், வீட்டுச் சாதனங்களுக்கானவை. கீழ்த்தள ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் வேன் போர்ட்டில் செருகினால், மாடி ரவுட்டர் தனக்கென ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொள்ளும். கீழ் வீடு முழுவதையும் அது 'வெளியுலகம்' என்றே நினைக்கும். 'டபுள் நேட்' என்று சொல்வது இதைத்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். கீழே ஒரு போனிலும் மாடியில் ஒரு போனிலும் வைஃபை செட்டிங்ஸில் ஐபி முகவரியைப் பாருங்கள். கீழே 192.168.1.15, மாடியில் 192.168.0.101 என்று முதல் மூன்று எண்களில் வித்தியாசம் இருந்தால், வீட்டில் ஓடுவது இரண்டு தனித்தனி நெட்வொர்க்.

டிஸ்க் எங்கே இருக்கிறது என்பது முக்கியம்

இந்தச் சுவர் ஒருவழிச் சுவர். மாடியிலிருந்து கீழே போகலாம். கீழேயிருந்து மாடிக்கு வர முடியாது.

டிஸ்க் கீழ்த்தள ரவுட்டரில் இருந்தால், மாடி லேப்டாப்பின் 'நெட்வொர்க்' பட்டியலில் அதன் பெயர் வராது. சாதனங்கள் 'நான் இங்கே இருக்கேன்' என்று கொடுக்கும் அறிவிப்பு தன் நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது என்பதே காரணம். ஆனால், விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.1 என்று டிஸ்க் இருக்கும் ரவுட்டரின் எண்ணை நேரடியாக அடித்தால் அநேகமாகத் திறந்துவிடும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிய வேண்டும் என்பவர்களுக்கு இதுவே போதும்.

டிஸ்க் மாடியில் இருந்தால் இந்த வித்தை பலிக்காது. கீழே உள்ள டிவி அதைத் தேடி வந்தால், முன்பின் தெரியாத ஆள் கதவைத் தட்டுவதாக எண்ணி மாடி ரவுட்டர் தடுத்துவிடும். ஆகவே இரண்டு ரவுட்டரையும் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றால், டிஸ்க்கை இன்டர்நெட் இணைப்பு வரும் முதல் ரவுட்டரோடு வைப்பதே புத்திசாலித்தனம்.

இன்னொரு விவகாரமும் உண்டு. இரண்டு ரவுட்டர்களும் 192.168.1 என்ற ஒரே வரிசையைப் பயன்படுத்தினால் குழப்பம் முற்றிவிடும். மாடி லேப்டாப் அந்த எண்ணைத் தன் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். சில ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாக எண்ணை மாற்றிக்கொள்ளும். எல்லாம் அப்படிச் செய்வதில்லை.

நிரந்தரத் தீர்வு: ஆக்சஸ் பாயின்ட்

மாடி ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' என்று இருந்தால் அதைத் தேர்வு செய்தால் போதும். அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாறிவிடும். வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்; டிஸ்க் எல்லோருக்கும் தெரியும். மெஷ் வைஃபை பெட்டிகளிலும் இதே பிரச்னை வரும். அங்கே இந்த வசதிக்கு 'பிரிட்ஜ் மோடு' என்ற பெயரும் உண்டு.

பழைய ரவுட்டரில் அந்த வசதி இல்லையா? கையாலேயே செய்யலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் மாடி ரவுட்டரைத் தனியாக ஒரு லேப்டாப்பில் இணைத்து, அதன் லேன் முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே வேறு எந்தச் சாதனமும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு, உதாரணமாக 192.168.1.2 என்று, மாற்ற வேண்டும். அடுத்து, ஐபி எண்களைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சேவையை அணைக்க வேண்டும். கடைசியாக, கீழேயிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். டிஎச்சிபியை அணைக்க மறந்தால் ஒரே வீட்டில் இரண்டு பேர் ரேஷன் டோக்கன் கொடுத்த கதையாகிவிடும். இன்டர்நெட்டே விட்டுவிட்டு வரும்.

சில மாடல்களில் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாறினால் யுஎஸ்பி பகிர்வு நின்றுவிடும். டிஸ்க்கை முதல் ரவுட்டரில் வைப்பதற்கு இது இன்னொரு காரணம். நாஸ் பெட்டி என்றால், முதல் ரவுட்டரில் அதற்கு நிரந்தர ஐபி ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் கரன்ட் போய் வந்த பிறகு எண் மாறி, மறுபடி தேடல் தொடங்கும்.

டேட்டா தீருமா?

தீராது. வீட்டுக்குள் நடக்கும் பரிமாற்றம் இன்டர்நெட்டைத் தொடுவதே இல்லை. வெளி இணைப்பு அறுந்திருந்தாலும் படம் ஓடும். வேகத்தைத் தீர்மானிப்பது போர்ட்டும் வைஃபையும்தான். விலை குறைந்த பல ரவுட்டர்களின் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே தாங்கும். அதில் 10 ஜிபி வீடியோவை நகலெடுக்க, எல்லாம் சரியாக நடந்தாலும் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். கிகாபிட் போர்ட்டில் கணக்குப்படி ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

ஒரே நெட்வொர்க், அப்படியும் தெரியவில்லையா?

போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். விருந்தாளிகள் வீட்டுச் சாதனங்களைத் தொடக் கூடாது என்பதற்காகவே உருவாக்கப்பட்டது அது. அடுத்த சந்தேகம், எஸ்எம்பி என்ற பகிர்வு முறையின் பழைய முதல் பதிப்பு. பழைய ரவுட்டர்கள் சில இதை மட்டுமே பேசும். விண்டோஸ் 10-ன் 2017 இறுதிப் பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது இது சேர்ந்து வருவதில்லை. இதை மீண்டும் இயக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை' வைரஸ் பரவியது இந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று பார்ப்பதே சரியான வழி.

வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால்...

'போர்ட் ஃபார்வர்டிங்' செய்து டிஸ்க்கை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடுவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான குறுக்குவழி. 2022 ஜனவரியில் 'டெட்போல்ட்' என்ற ரான்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைக் குறிவைத்துக் கோப்புகளைப் பூட்டி, ஒவ்வொருவரிடமும் 0.03 பிட்காயின் கேட்டது. போர்ட் ஃபார்வர்டிங்கையும், சாதனங்கள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ள அனுமதிக்கும் யுபிஎன்பி வசதியையும் அணைக்குமாறு அந்த நிறுவனமே அப்போது வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் விபிஎன் வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைவது பாதுகாப்பானது.

நாஸில் இரண்டு டிஸ்க் போட்டு ஒன்றின் நகலை மற்றொன்றில் வைத்திருப்பவர்களும் அதை பேக்கப் என்று எண்ண வேண்டாம். ஒன்றில் அழித்தது அந்த நொடியே இன்னொன்றிலும் அழியும். ரான்சம்வேர் பூட்டினால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். போட்டோக்களின் இன்னொரு நகல், எந்த ரவுட்டரிலும் செருகாத தனி டிஸ்க்கில், பீரோவுக்குள் இருக்கட்டும்.