வீட்டுப் பசுமைக்குடிலில் அரிய மிளகாய்கள்

மிளகாய் என்றாலே குண்டு, சம்பாவோடு நாம் நின்றுவிடுகிறோம். வானம் பார்த்துக் காய்க்கும் காந்தாரி, அஸ்ஸாமின் பூத் ஜோலோகியா, மெக்சிகோவின் ஹபனேரோ ஆகியவையும் மாடியில் சிறு பசுமைக்குடில் இருந்தால் வளரும்.

ஜோலோகியாவும் ஹபனேரோவும் முளைக்க நான்கு வாரம்கூட ஆகலாம். அவசரப்பட்டுத் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். நம் ஊர் வெயிலுக்குப் பாலித்தீன் கூரையைவிட நிழல்வலையே ஏற்றது.

விதை எடுப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இவ்விரண்டும் நெருங்கிய இனம். அருகருகே நின்றால் கலந்துவிடும். காயில் தெரியாது, அதன் விதையில் வளரும் அடுத்த செடியில்தான் தெரியும். விதைக்கென ஒரு கிளையை மொட்டிலேயே மெல்லிய துணிப்பையால் மூடி, தினமும் லேசாகத் தட்டிவிடுவோம்.

ஜோலோகியாவைக் கையுறையின்றிப் பறிக்க வேண்டாம். காரம் தண்ணீரில் கரையாது. பிள்ளைகளைத் தொடுமுன் கையில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.