'காதலிக்க நேரமில்லை'யும் மலையகப் பார்வையாளரும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஜனரஞ்சகத் திரைப்படங்கள் பற்றி நமது முற்போக்கு விமர்சன மரபு மேற்கொண்ட நிலைப்பாடு பெரும்பாலும் கண்டனமாகவே அமைந்தது. உழைக்கும் மக்களை அவர்தம் வாழ்நிலையிலிருந்து திசைதிருப்பும் கனவுச் சரக்கு என்ற முடிவோடு ஆய்வு நின்றுவிட்டது. அம்முடிவு பொய்யன்று. ஆயின் அது படத்தைப் பற்றிய முடிவேயன்றிப் படத்தைப் பார்த்தவரைப் பற்றிய முடிவன்று. காசு கொடுத்து உள்ளே சென்ற தொழிலாளி எதற்குச் சிரித்தான், எதனை நம்ப மறுத்தான் என்ற வினாவை நாம் கேட்கத் தவறினோம். இத்தவறில் இக்கட்டுரையாளருக்கும் பங்குண்டு.

தமிழ்ச் சமூகத்தார் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு திரையரங்கே என்பதையும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலையன்றிக் கொள்வனவுச் சக்தியே என்பதையும் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படம் பற்றிய தமது 1981ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். மலையகத்திற்குப் பொருத்தி நோக்குமிடத்து இவ்வவதானிப்பு மேலும் கூர்மை பெறுகின்றது. லயமும் பிரட்டுக் களமும் கொழுந்து மடுவமும் ஆலையும் ஒரே நிருவாகத்துக்குட்பட்ட தனியார் நிலத்தில் அமைந்திருந்தன. பிறப்பும் இறப்பும் அந்த எல்லைக்குள்ளேயே நிகழ்ந்தன. ஹற்றன், நுவரெலியா, நாவலப்பிட்டி முதலான நகரங்களின் திரையரங்குகளோ துரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. சம்பள நாளை அடுத்து மலையிறங்கி நகரத்துக்கு நடந்த தொழிலாளிக்குச் சீட்டு வாங்குதல் என்பது எவரிடமும் அனுமதி கேளாது செய்யக்கூடிய மிகச் சில காரியங்களுள் ஒன்றாக இருந்தது.

அவ்வாறு நடந்தவர் கண்ட படங்களுள் ஒன்று ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. 1964 பெப்ரவரியில் தமிழகத்தில் வெளிவந்தது, சித்ராலயாவின் தயாரிப்பு, வர்ணப் படம். பின்னர் ஸ்ரீதரே அதனை 1966இல் 'பியார் கியே ஜா' என்று இந்தியில் எடுத்தார். காதல் நகைச்சுவைப் படங்களுள் முன்னோடியாக இன்றும் போற்றப்படுவது. நமது கவனத்துக்குரியது அதன் களம். கதையின் தந்தை விசுவநாதன் (பாலையா) ஓர் எஸ்டேட் சொந்தக்காரர். அவருடைய தோட்டத்தில் வேலை பார்த்த படித்த இளைஞன் அசோகன் (ரவிச்சந்திரன்) வேலைநீக்கம் செய்யப்படுகிறான். அவன் முதலாளியின் வீட்டுக்கு எதிரே கூடாரமடித்து, வேலை கேட்டு ஆட்டமும் பாட்டுமாகக் கிளர்ச்சி செய்கிறான். முதலாளியின் மகளைக் காதலிக்கிறான். கோடீசுவரர் ஒருவரின் மகன் தான் எனப் பொய் சொல்லி, தன் நண்பன் வாசுவை (முத்துராமன்) அத்தந்தையாக வேடமிடச் செய்கிறான். பணத்தின் பெயர் கேட்டதும் நேற்றுத் துரத்தியவனையே இன்று உபசரிக்கும் விசுவநாதனின் தலைகீழ் மாற்றத்திலிருந்து படத்தின் சிரிப்பிற் பெரும்பகுதி பிறக்கின்றது.

தோட்டத் தொழிலாளி இக்காட்சிகளை எவ்வகை அனுபவத்தோடு எதிர்கொண்டிருப்பான்? வேலை இழந்தால் இருப்பிடமும் இழக்கப்படும் என்பதே தோட்டத்தின் விதி. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தில் 1946இல் நிகழ்ந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்கென அரசு அந்நிலத்தைச் சுவீகரித்தது. அங்கு வாழ்ந்த தொழிலாளர் வெளியேற மறுத்தனர். தாம் வாழ்ந்த லயத்திலேயே தொடர்ந்து இருந்தமைக்காக அவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுக்கப்பட்டது. முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தன் 1940 ஜனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானான். இவை நினைவிலிருந்து அகலாத ஒரு சமூகத்தின்முன், வேலைநீக்கப்பட்டவன் முதலாளியின் முற்றத்தெதிரே கூடாரமடித்துப் பாடுகிறான். எவரும் அவனைச் சுடவில்லை. இதனைக் கனவு என்று கூறுவதில் தடையில்லை. ஆயினும் எந்தக் கோரிக்கையைக் கனவாகக் காட்டினால் அவர்கள் சிரித்தார்கள் என்பதை நோக்குதல் வேண்டும். அது வேலை கேட்கும் கோரிக்கை.

மலையக முதியோரோடு இப்படம் குறித்து நாம் உரையாடியபோது இவ்வேறுபாட்டை அவர்கள் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்ததைக் கண்டோம். கூடாரக் காட்சியை மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தவர்களே, அவன் படித்த உத்தியோகத்தன் ஆகையால் அவ்வாறு செய்ய முடிந்தது, தொழிலாளியாயின் முடிந்திராது என்றும் கூறினர். சிரிப்பும் அவநம்பிக்கையும் ஒருவரிடத்தே ஒருங்கே இருந்தன. மயங்கிய கூட்டம் என நாம் எழுதிவந்ததற்கு இது பொருந்தவில்லை. விசுவநாதனின் பணப்பணிவைப் பேசும்போது அவர்களுடைய உதாரணங்கள் படத்திலிருந்து அன்றி, துரையின் முன் ஒரு முகமும் தொழிலாளர்முன் ஒரு முகமும் காட்டிய கங்காணிமாரிடமிருந்தும் கணக்கப்பிள்ளைமாரிடமிருந்தும் வந்தன.

எனினும் அவர்கள் முதலில் நினைவுகூர்வது இவற்றையன்று. நாகேஷ் கதை சொல்லும் காட்சியையே. எஸ்டேட் முதலாளியின் மகன் செல்லப்பா 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்ற பெயரில் படமெடுக்க அலைகிறான். கதவின் கிறீச்சொலியையும் காலடியையும் வாயாலே எழுப்பி, தன் திகிற்கதையைத் தந்தைக்குச் சொல்ல, பாலையா அஞ்சி நடுங்குகிறார். இக்காட்சி எங்கும் புகழ்பெற்றதே. தோட்டத்தில் அதற்கு மேலதிகமான ஓர் இடமிருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் குடும்பத்தார் எல்லோரும் செல்ல இயலாது. ஒருவர் பார்த்து வருவார், லயத்து வாசலில் அமர்ந்து பிறருக்குச் சொல்வார். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வாய்மொழியாகவும் ஆட்டமாகவும் வழங்கிய சமூகத்தில் படக்கதை சொல்லுதலும் ஒரு நிகழ்த்துகலையாயிற்று. ஆகவே திரையில் நாகேஷ் செய்தது அவர்கள் அன்றாடம் கண்ட காரியம். குறிப்பாகப் பெண்கள் பலர் இப்படத்தைக் கண்டதைவிடக் கேட்டதே அதிகம். அவர்கள் விடியலில் பிரட்டுக்குச் சென்று, மாலையில் கொழுந்து நிறுத்து, பின் அடுப்படிக்குத் திரும்பியவர்கள். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப்பேர் மட்டுமே விழும். படத்தின் தலைப்பைச் சொல்லி அவர்கள் சிரிப்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சிரிப்பில் எதிர்ப்புணர்வு இருந்தது எனக் கண்டு மகிழ்ந்து நின்றுவிடுதலும் பிழையாகும். எஸ்டேட்டைக் களமாகக் கொண்ட இப்படத்தில் கொழுந்து பறிப்பவரோ கவ்வாத்து வெட்டுபவரோ ஒரு பாத்திரமாக இடம்பெறவில்லை. செல்வம் உண்டு, அதனை உண்டாக்கிய கை இல்லை. வேலை கேட்டுத் தொடங்கிய முரண்பாடு மாப்பிள்ளை உறவிலே தீர்கின்றது. வாசு உண்மையிலேயே செல்வர் மகன் என்பது கதையின் வசதி. மூலதனத்துக்கும் உழைப்புக்கும் இடையிலான பிணக்கைக் குடும்பப் பிணக்காக்கித் தீர்த்துவைப்பது முதலாளித்துவக் கலையின் பழைய உத்தி. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டியபோது தமிழ்ப் புனைகதை சென்ற தூரத்தைத் தமிழ்த் திரைப்படம் பல்லாண்டு செல்லவில்லை. இலங்கையில் 'தோட்டக்காரி' (1963) அம்முயற்சியைத் தொடங்கியது, தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசனின் 'புதிய காற்று' (1975) தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. இவற்றின் தொழில்நுட்பக் குறைகளைச் சுட்டிக்காட்டியவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனித்திருக்கலாம்.

படம் வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்திருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் எனக் கணக்குத் தீர்க்கப்பட்டது. அம்மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. 1974இல் அந்த எஞ்சிய தொகையும் இரு நாடுகளுக்கிடையே 75,000 வீதம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. திரையரங்கில் நாகேஷைக் கண்டு சிரித்த பார்வையாளருட் பலர் சில ஆண்டுகளுக்குள் மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் 'ஒப்பாரிக் கோச்சி' ஏறினர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர்.

அவர்களிற் பலருக்கு வேலை தரும்பொருட்டுத் தமிழக அரசு 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கிற்று. நீலகிரியில் பெரும்பகுதியும், ஆனைமலைத் தொடரின் வால்பாறையில் ஒரு பகுதியும். வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதை ஆழியாறு அணையைக் கடந்தே தொடங்குகின்றது. அசோகன் வேலை கேட்டுக் கூடாரமடித்த காட்சி ஆழியாற்று விருந்தினர் மாளிகையின் முன்னரே படமாக்கப்பட்டது. ஒளிப்பதிவுக் கருவி அடிவாரத்தில் நின்றுவிட்டது. ஹற்றனிலும் தலவாக்கலையிலும் கொழுந்து பறித்துப் பழகியவர்கள் அப்பாதையில் பேருந்தேறி மேலே சென்றனர், மறுநாட் காலைப் பிரட்டுக்கு.